சீமோன் பொறுக்கிய றப்பர் மீன்கள்

இராஜரட்ணம் மூன்று மாதமாக ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவர், யோசிக்க நேரம் எடுக்கத்தான் செய்வார் என்று சீமோன் தன்னைத் தானே தேற்றிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் எதை யோசிக்கிறார் என்பது சீமோனுக்கும் தெரியும், மனைவி றோஸ்மேரிக்கும் தெரியும், காதலித்துத் தொலைத்த மகன் டெனிஸ்டனுக்கும் தெரியும். டெனிஸ்டனும் இராஜரட்ணத்தின் மகள் நிரூபாவும் யோர்க் யூனிவர்சிட்டியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவர்கள் சைவம், இவர்கள் வேதம், கிறிஸ்தவர்கள். அதைக்கூட இராஜரட்ணம் ஒருமாதிரி விழுங்கியிருப்பார். சீமோனின் ஆட்கள் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையோரத்தவர்கள் என்பதுதான் அவருடைய தொண்டையில் நின்றது. ‘கடற்கரை ஆக்கள்’ என்று நம்மவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அந்தச் சாதிக் கதை. வழியில் சூட்கேசைத் தொலைத்துவிட்டு ரொறன்ரோ வந்து சேர்ந்தவர்கள்கூட அதை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்திருந்தார்கள்.

நிலைமை அப்படியிருக்க, தொண்ணூற்றாறாம் ஆண்டு மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை இராஜரட்ணமே ரெலிபோன் எடுத்தார்.

“சனிக்கிழமை ஸ்கூகொக் ஏரிக்கு மீன் பிடிக்கப் போறன். நீங்களும் வாறியளோ?”

சீமோன் என்ன சொன்னார் என்று அவருக்கே ஞாபகமில்லை. ரிசீவரை வைத்த பிறகுதான் கோபம் வந்தது.

“என்னை மீன் பிடிக்கக் கூப்பிடுறார். விளங்குதோ?”

“விளங்குது. போயிட்டு வாங்கோ” என்றாள் றோஸ்மேரி.

“நக்கலடிக்கிறார் மனுசன்.”

“நக்கலோ என்னவோ, கூப்பிட்டவரெல்லே. மூண்டு மாசமா வாய் திறக்காத ஆள்.”

டெனிஸ்டன் அறைக்குள்ளிருந்து வந்து நின்றான். “அப்பா, அவர் சும்மாதான் கேட்டிருப்பார். ஹி லவ்ஸ் ஃபிஷிங். வீக்கெண்ட் முழுக்க அதுதான் எண்டு நிரூபா சொல்லுறவள். ப்ளீஸ், அப்பா.” அந்த ‘ப்ளீஸ்’ சீமோனுக்குத் தாங்கவில்லை. கேட்டதையெல்லாம் அடம்பிடித்து வாங்கும் பிள்ளையல்ல அவன்.

உண்மையில் சிக்கல் நக்கல் மட்டுமல்ல. சீமோன் பிறந்து ஐம்பத்தாறு வருடத்தில் ஒரு தூண்டிலைக் கையால் தொட்டதில்லை. அவர் தையல்காரர். அப்பா தையல்காரர், அப்பப்பாவும் தையல்காரர். கடலோடு அவருக்கிருந்த சொந்தம் ஜன்னலால் வந்த உப்புக் காற்றோடு சரி. இங்கே ஸ்பெடைனாவில் ஒரு பட்டறையில் வெள்ளைக்காரப் பெண்களுக்குக் கலியாண உடுப்பு வெட்டுகிறார். ‘எனக்கு மீன்பிடி தெரியாது’ என்று சொன்னால், பிறப்பை மறைக்கப் பார்க்கிறான் என்று அந்த மனிதர் நினைப்பார். தெரியும் என்று சொன்னால், ‘நான் நினைச்சது சரிதான்’ என்பார். எப்படிப் போனாலும் மகனின் கலியாணம் குழம்பும். ஆகவே வாயைத் திறக்காமல் இருந்துவிடுவது என்று சீமோன் முடிவெடுத்தார். வாயைத் திறக்காமல் இருப்பது நமக்குப் பழக்கமான வேலைதானே.

சனிக்கிழமை விடிய ஏழு மணிக்கு, சீமோன் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் கட்டிடத்தின் முன்னால் இராஜரட்ணத்தின் வான் வந்து நின்றது. போகிற வழியில் கிங்ஸ்ரன் ரோட்டில் மீன்பிடிச் சாமான் கடையொன்றில் நிறுத்தினார். அங்கே சீமோனுக்கு ஒருநாள் லைசன்ஸ் எடுத்தார்கள். பிறகு இராஜரட்ணம் அவரைக் கடையின் பின்சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சுவர் முழுக்கத் தூண்டிலில் இரையாகக் கொளுவும் றப்பர் மீன்களும் றப்பர் புழுக்களும். பச்சை, ஊதா, செம்மஞ்சள், பளபளப்புத் தூவியவை, கொழுத்தவை, மெலிந்தவை, தும்பு தும்பாகக் கால் வைத்தவை. பைகளில் அடைத்துக் கொளுவியிருந்தார்கள். கீழே தட்டறைகளில் உதிரியாகவும் கொட்டி வைத்திருந்தார்கள்.

“கிராப்பி எண்டொரு மீன்” என்றார் இராஜரட்ணம். “உள்ளங்கை அகலம், வெள்ளியில கறுப்புப் புள்ளி. நல்ல ருசியாம். ஏப்ரல் முடியத் தொடங்கி ஒவ்வொரு கிழமையும் போறன், ஒண்டுகூடப் பிடிபடேல்லை. பக்கத்தில நிக்கிற வெள்ளைக்காரன் வாளியோட கொண்டு போறான். எது வாங்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை, சீமோன். நீங்கள் பாத்து எடுத்துத் தாங்கோ.”

தன்னுடைய பெட்டியையும் திறந்து காட்டினார். நடுவிரல் நீளத்தில் பச்சைப் பசேலென்று தடித்த புழுக்கள். குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்த மீன்கூட அதைக் கண்டால் பயந்து ஓடியிருக்கும்.

சீமோன் அவருடைய முகத்தைப் பார்த்தார். நக்கல் மருந்துக்கும் இல்லை. டொக்டரிடம் நாக்கை நீட்டும் நோயாளியைப் போல மனிதர் நம்பி நின்றார். சீமோனுக்கு அதுதான் இன்னும் நோவாக இருந்தது. பகிடி பண்ண வந்த ஆளென்றால் திருப்பிக் கொடுக்கலாம். இவர் உண்மையாகவே நம்புகிறார்.

ஏதாவது செய்யவேண்டும். சீமோன் தனக்குத் தெரிந்ததைச் செய்தார்.

“அந்த மீன்ரை வாய் எப்பிடி?”

“சின்ன வாய்தான். கடதாசி மாதிரி மெல்லிசு, கெதியாக் கிழிஞ்சு போமாம். வெள்ளைக்காரன் சொன்னவன்.”

“தண்ணி கலங்கலோ?”

“இல்லை, நல்ல தெளிவு.”

மெல்லிய துணிக்கு மெல்லிய ஊசி. சீமோன் தட்டறைக்குள் கைவிட்டு, சின்ன விரலில் பாதி நீளம்கூட இல்லாத றப்பர் மீன்களைப் பொறுக்கினார். ஒவ்வொன்றாக இரண்டு விரலால் தலையில் பிடித்துத் தூக்கி வாலில் மெதுவாக ஊதினார். தடித்த வால்கள் அசையாமல் நின்றன. ஒரு வகைக்கு மட்டும் வால் தாளைவிட மெல்லிசாக இருந்தது. ஊதி முடித்த பிறகும் அது ஒரு கணம் நடுங்கியது. அதில் வெள்ளை, சாம்பல், வெள்ளித்தூள் கலந்தது என்று மூன்று நிறம். ரியூப் லைற்றுக்குக் கீழே மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன. சீமோன் மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனார். காலை வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை சுண்ணாம்பாக அடித்தது. சாம்பல் செத்துப் போய்க் கிடந்தது. வெள்ளித்தூள்தான் ஒரு பக்கம் மங்கி ஒரு பக்கம் மினுங்கியது.

“இது” என்றார்.

இராஜரட்ணம் பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வகையில் இரண்டு டசின் எடுத்தார். அதற்கேற்ற சின்ன ஈயக்குண்டுத் தூண்டில்களைக் கடைக்காரன் எடுத்துக் கொடுத்தான்.

ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதாகிவிட்டது. ஒஷாவாவுக்கு வடக்கே, காற்றில்லாத காலை. கரையிலிருந்து தண்ணீருக்குள் நீண்ட பலகை மேடையொன்றில் இரண்டு பேரும் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். இராஜரட்ணம் தூண்டிலைச் சுழற்றித் தூரத்துக்கு வீசினார். சீமோனுக்கு அந்த வித்தை தெரியாது. வீசப்போய் யாருடைய காதிலாவது கொளுவிவிடுமோ என்ற பயம் வேறு. ஆகவே மேடையோரத்தில், பாசிக்கு மேலாக, சும்மா இறக்கிவிட்டார். ஒரு முழ ஆழத்தில் றப்பர் மீன் தொங்கியது. மேலே சின்ன மிதப்பு.

ஊசி பிடித்த கை ஆடாது. தண்ணீர் லேசாக மூச்சு விட்டால் போதும், அந்த வால் தானே நடுங்கியது. பத்து நிமிடம் போயிருக்காது. மிதப்பு உள்ளே போகவில்லை. பக்கவாட்டில் சரிந்து படுத்தது. தங்கூசி நூல் இளகிவிட்டது. நூல் இளகினால் அடியில் ஏதோ நடக்கிறது என்று தையல் மெசினுக்கு முன்னால் முப்பது வருடம் இருந்தவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. நூல் அறுந்துவிடாமல் மெல்லத் தூக்கினார். வெள்ளியில் கறுப்புப் புள்ளியோடு ஒரு தட்டை மீன் மேலே வந்தது.

“கிராப்பி!” இராஜரட்ணம் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். “பெரிய கிராப்பி!”

மதியத்துக்குள் சீமோன் பதினொன்று தூக்கிவிட்டார். இடையில் இரண்டு மூன்று சன்ஃபிஷ்ஷும் வந்தன. இராஜரட்ணமும் கிட்ட இறக்கி, வெடுக்கென்று இழுத்து மூன்றை வாயைக் கிழித்து விட்டுவிட்டு, பிறகு சீமோனைப் பார்த்து மெல்லத் தூக்கப் பழகி நாலு பிடித்தார். மனிதருக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி முதலில் சீமோனுக்குக் கொடுத்தார். பிள்ளைகளின் பேச்சுக்கூட அவராகவே எடுத்தார்.

“நிரூபா தங்கமான பிள்ளை. உங்கட பொடியனும் நல்ல பொடியன்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை.” பிறகு வாளிக்குள் பார்த்துத் தலையை ஆட்டினார். “ஆனா உது படிச்சு வாறதில்லை, சீமோன். இரத்தத்தில இருக்கவேணும். உங்கட இரத்தத்தில இருக்கு.”

புகழ்ந்துதான் சொன்னார். அன்போடும் சொன்னார். சீமோனுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது.

இப்போது பேசாமல் இருந்தால் காரியம் முடியும். மனிதர் இளகி இருக்கிறார், இன்னும் ஒரு மீன் வந்தால் ஓம் என்று சொல்லிவிடுவார். டெனிஸ்டன் அந்த ஓமுக்காகத்தான் வீட்டில் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறான். ஆனால் அந்த ஓமை வாங்கினால் மகன் அந்த வீட்டில் கடைசிவரைக்கும் ‘இரத்தத்தில் இருக்கிற’ மருமகன். நாளைக்குப் பேரப்பிள்ளை தொட்டிக்குள் மீனைப் பார்த்தாலும் அதே கதைதான். சீமோனுக்குப் பயமாகவும் இருந்தது, வெறுப்பாகவும் இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையைப் பலகையில் வைத்தார்.

“அண்ணை, நான் இண்டைக்குத்தான் வாழ்க்கையில முதல்முறையாத் தூண்டில் பிடிக்கிறன்.”

இராஜரட்ணம் சிரித்தார். “பகிடி விடாதேங்கோ.”

“பகிடியில்லை. நான் தையல்காரன். அப்பா தையல், அப்பப்பா தையல்.”

“அப்ப கடையில வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாத்தியள்?”

“ரியூப் லைற்றில நிறம் பொய் சொல்லும். துணியை வெளிச்சத்திலதான் பாக்கிறது.”

“வாலை ஊதினது?”

“சீலை எப்பிடி விழும் எண்டு பாக்கிறதும் அப்பிடித்தான்.”

“வீசாமல் கிட்ட இறக்கினது?”

“வீசத் தெரியாது.”

இராஜரட்ணத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. சீமோன் தொடங்கியதை முடித்துவிடுவது என்று மேலே சொன்னார்.

“அம்மாவின்ரை சகோதரங்கள் கடலுக்குப் போனவை. அவையளை நினைச்சு எனக்கு ஒரு வெக்கமுமில்லை. எங்களுக்குச் சோறு போட்டதே அவைதான். ஆனா எனக்கு அந்தத் தொழில் தெரியாது. தெரியாததைத் தெரியும் எண்டு காட்டி என்ரை பிள்ளைக்குப் பொம்பிளை எடுக்க எனக்கு ஏலாது, அண்ணை.”

இராஜரட்ணத்தின் மிதப்பு சரிந்து படுத்தது, அவர் கவனிக்கவில்லை. மீன் கடித்துவிட்டுப் போய்விட்டது.

“எங்கட அப்பா அரசாங்கக் கச்சேரியில கிளாக்” என்றார் கடைசியில். “மீன் வாங்கக்கூடச் சந்தைக்குப் போகமாட்டார், ஆள் விட்டுத்தான் எடுப்பிக்கிறது. அவரின்ரை மகனுக்கு எங்கையிருந்து வந்தது இந்த விசர்?”

சீமோன் இராஜரட்ணத்தின் தூண்டிலை மெல்லத் தூக்கிப் பலகையில் வைத்தார்.

“வீட்டில மனுசி யோகமலரும் இதைத்தான் கேட்டவள். ‘கிழமைக்குக் கிழமை மீன் பிடிக்கப் போறது நீங்கள், பேச்சு வாங்கிறது அந்தச் சனமோ’ எண்டு. நான் அவளோட மூண்டு நாள் கதைக்கேல்லை.”

அவ்வளவுதான். சாமான்களைக் கட்டினார்கள். திரும்பி வரும் வழி முழுக்க இராஜரட்ணம் வாயைத் திறக்கவில்லை. பெண்டாட்டியோடு மூன்று நாள் பேசாத மனிதர் இனி நம்மோடு எத்தனை வருடம் பேசாமல் இருப்பாரோ என்று சீமோன் நினைத்தார். மகனிடம் எப்படிச் சொல்வது? ‘பதினொரு மீன் பிடிச்சன், உன்ர கலியாணத்தை விட்டிட்டன்’ என்றா? ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க அவருக்கு மனமில்லை.

கட்டிடத்தின் முன்னால் இறக்கிவிட்டுப் போவார் என்றுதான் எதிர்பார்த்தார். இராஜரட்ணம் வானை விசிற்றர் பார்க்கிங்குக்குள் விட்டார். வாளியைத் தானே தூக்கினார்.

“மீன் வெட்டவாவது தெரியுமோ உங்களுக்கு?”

“அதுவும் றோஸ்மேரிதான்.”

எலிவேற்றரில் பதினெட்டு மாடியும் இராஜரட்ணம் தோள் குலுங்கச் சிரித்தார்.

றோஸ்மேரி கத்தியும் பலகையும் எடுத்தாள். மீனை வாங்கி வெட்டி, உப்பும் தூளும் பிரட்டி எண்ணெய்க்குள் போட்டாள். டெனிஸ்டன் குசினி வாசலில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். ஊரில் இராஜரட்ணத்தின் வீட்டார் இப்படியொரு வீட்டில் தண்ணீர் வாங்கிக்கூடக் குடித்ததில்லை. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். இராஜரட்ணம் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, சுவரில் கிடந்த ரெலிபோனை எடுத்துத் தன் வீட்டு நம்பரை அழுத்தினார்.

“யோகமலர், எனக்குச் சாப்பாடு போட்டு வைக்காதை. நான் சாப்பிட்டிட்டுத்தான் வருவன்.”

எங்கே நிற்கிறீர்கள் என்று அவள் கேட்டிருக்கவேண்டும்.

“சம்பந்தி வீட்டில” என்றார் இராஜரட்ணம்.

அந்தப் பக்கத்தில் யோகமலருக்குத் தன் காதை நம்பமுடியவில்லைப் போலிருக்கிறது. இராஜரட்ணம் கொஞ்சம் எரிச்சலோடு, பக்கத்து அப்பார்ட்மென்டுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னார்.

“ஓமப்பா, சம்பந்தி வீட்டிலதான் நிக்கிறன்.”