மருமகனுக்கு ஒரு கிட்டார்

அத்தை உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அத்தை பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வார்டுக்குள் நடந்து வந்தால் படுத்திருக்கும் நோயாளிகூடப் போர்வையைச் சரிசெய்துகொள்வார் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவர் முதுகு வளையவில்லை. வளைவதற்கு அவர் அனுமதி கொடுக்கவில்லை என்று சொல்வதே சரி.

பின்னாலேயே, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தவன் அவருடைய தம்பி மகன். லிப்ட் பழுது பார்க்கும் வேலை. மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக வளர்ந்துவிட்டதால் அத்தை அவனை ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார். ஒட்டகம் இன்று இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். ஆனாலும் அத்தை வைத்த பேரை மாற்ற இன்னும் யாரும் பிறக்கவில்லை.

"இவனுக்கு ஒரு கிட்டார் வேணும்," என்றார் அத்தை.

ஒட்டகம் திரும்பிப் பார்த்தான். ஒரு சாமான் வாங்கப் போகிறோம், தூக்க ஆள் வேண்டும் என்றுதான் அவனை அழைத்து வந்திருந்தார்.

"எனக்கா?"

"உனக்குத்தான்."

"நான் எப்ப அத்தை கேட்டேன்?"

"கேட்டாத்தான் வாங்கித் தரணுமா? அத்தைன்னு ஒருத்தி எதுக்கு இருக்கேன்?"

உண்மை வேறு. மாடி வீட்டில் குடியிருந்த மருந்துக்கடைப் பெண் ஒரு நாள் தன் கிட்டாரை அத்தையின் மடியில் வைத்து, "சும்மா வாசிச்சுப் பாருங்க," என்றாள். சும்மா வாசித்துப் பார்த்தது தினமும் மாடியேறுவதில் போய் முடிந்தது. இப்போது அத்தைக்கு இரண்டு பாட்டு முழுசாகவும் ஒன்று பாதியும் வரும். இடக்கை விரல் நுனிகள் காய்த்துவிட்டன. அந்தக் காய்ப்பை அவர் யாரும் பார்க்காதபோது கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொள்வார். அந்தப் பெண்ணுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் அவளும் போகிறாள், கிட்டாரும் போகிறது. வாசிக்காமல் விட்டால் தோல் பழையபடி மெத்தென்று ஆகிவிடும். விரலும் வழி மறந்துவிடும். அதை நினைத்தால் அத்தைக்கு இரவில் தூக்கம் வரவில்லை.

நேராகப் போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். குடும்பத்துக் கல்யாணம் ஒன்றில் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மேடையேறிக் கிட்டார் வாசித்தபோது, முன் வரிசையில் இருந்த அத்தை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "நம்ம குடும்பத்துல யாரும் இப்படி நாலு பேர் முன்னாடி வயித்தைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னதில்ல." குடும்பம் அந்த வாக்கியத்தைப் பூர்வீகச் சொத்துபோலப் பாதுகாத்து வந்தது. அத்தையின் தம்பி, அதாவது ஒட்டகத்தின் அப்பா, விருந்தாளி யார் வந்தாலும் குரலை மாற்றி அதை நடித்துக் காட்டுவார். மூத்தவளாகப் பிறந்தவளின் சொல் நின்றால்தான் குடும்பம் நிற்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று பேசுகிறவர்களை யார் மதிப்பார்கள்? அதனால்தான் கிட்டார் ஒட்டகத்துக்கு ஆயிற்று.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "தம்பிக்கு எந்த மாதிரி வேணும்?"

"நைலான் கம்பி போட்டது," என்றார் அத்தை. "இரும்புக் கம்பி வேண்டாம், விரலை அறுக்கும். கழுத்து ரொம்ப அகலமா இருக்கக் கூடாது. கம்பி பலகையை ஒட்டி இருக்கணும், ஆனா பலகையில பட்டு இரையக் கூடாது."

ஒட்டகம் அத்தையைப் பார்த்தான். அப்புறம் அவர் இடக்கையைப் பார்த்தான். அத்தை அந்தக் கையைப் பையின் பின்னால் கொண்டுபோனார். லிப்ட் எந்த மாடியில் சிக்கியிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவனுக்கு இது பெரிய கணக்கில்லை. அவன் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

"எனக்குன்னா நான்தானே அத்தை பார்த்து எடுக்கணும்?"

"எடு. யார் வேண்டாங்கறா?"

அவன் நேராகப் போய், இரண்டு கொம்பு வைத்த, ரத்தச் சிவப்பான எலெக்ட்ரிக் கிட்டாரை இறக்கினான்.

"இது என்னடா, மாட்டுத் தலையா?"

"எனக்குப் பிடிச்சிருக்கு."

"பிடிக்காது."

"பிடிச்சிருக்கே."

"இன்னும் கொஞ்ச நேரத்துல பிடிக்காமப் போயிடும். அதை வை."

"அண்ணே, இதுக்குப் பெரிய ஸ்பீக்கர் ஒண்ணு குடுங்க. தோள்ல மாட்டற பட்டையில மண்டை ஓடு போட்டது இருக்கா?"

"கறுப்புல இருக்கு, சிவப்புல இருக்கு," என்றார் கடைக்காரர், வியாபார மும்முரத்தில்.

"ரெண்டையும் காட்டுங்க. அத்தை வாங்கித் தராங்க. எங்க குடும்பத்துல அத்தை சொல்லிட்டா சொன்னதுதான்."

ஊசி போடும்போது நெளிகிற நோயாளியைப் பார்க்கும் பார்வை ஒன்று அத்தையிடம் உண்டு. அதைப் பிரயோகித்தார். ஒட்டகத்திடம் அது செல்லவில்லை. அவன் மண்டை ஓட்டுப் பட்டையைத் தோளில் மாட்டிக் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் மூலையில் தொங்கிய அந்தக் கிட்டார் அத்தையின் கண்ணில் பட்டது. சின்ன உடம்பு. தேன் நிற மரம், பளபளப்புப் பூச்சு இல்லை. இடுப்பு ஒடுங்கி, மடியில் வைத்தால் அப்படியே உட்கார்ந்துகொள்ளும்போல இருந்தது. மாடி வீட்டுக் கிட்டார் பெரியது. அதன் மேல் கையைப் போட்டாலே அத்தைக்குத் தோள் தூக்கிக்கொள்ளும். இது அப்படிச் செய்யாது என்று தூரத்திலிருந்தே தெரிந்தது.

"அதைக் குடுங்க," என்றார். "இவனுக்கு அதுதான் சரி."

கடைக்காரர் ஒட்டகத்தின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "மன்னிக்கணும் அம்மா. இந்தக் கைக்கு அது ஆகாது. தம்பி ஒரு விரல் வெச்சா மூணு கம்பி அமுங்கும்."

"பழகிக்குவான்."

"விரல் இளைக்காதே அம்மா. வாசிக்கப் போற கையைப் பார்க்காம நான் பில் போடறதில்ல. செருப்பு வாங்கினாக்கூடக் காலைப் பார்த்துத்தானே குடுப்பாங்க? அந்தக் கிட்டார் ஒண்ணுதான் இருக்கு. சாயங்காலம் ஒரு வாத்தியார் வந்து பார்க்கறேன்னு சொல்லியிருக்கார். தம்பிக்கு இந்தக் கொம்பு வெச்சதே பாந்தமா இருக்கு."

"கேட்டீங்களா அத்தை? பாந்தமா இருக்காம்," என்றான் ஒட்டகம்.

அத்தை கொஞ்ச நேரம் அந்தத் தேன் நிறத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சொன்ன சொல்லை மாற்றிக்கொள்வது மூத்தவளுக்குக் குறைதான். ஆனால் தன் ஆசையை வளர்ந்த பிள்ளையின் தலையில் கட்டி, அந்நியர் முன்னால் பொய் பேசிக்கொண்டு நிற்பது எந்தக் கணக்கில் சேரும்? வார்டில் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்ட நர்ஸுகளுக்கு அவர் ஒன்றுதான் சொல்வார்: உடனே சொல், நிமிர்ந்து நின்று சொல்.

பையைக் கல்லாப் பலகை மேல் வைத்தார்.

"அந்த ஸ்டூலை இப்படிப் போடுங்க. கிட்டார் எனக்கு."

கடைக்காரர் அத்தையையும் ஒட்டகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒட்டகம் மண்டை ஓட்டுப் பட்டையை மெதுவாகக் கழற்றினான்.

அத்தை உட்கார்ந்தார். உட்கார்ந்தபோதும் நின்றதுபோலவேதான் இருந்தார். கிட்டார் மடிக்கு வந்தது. தோள் தூக்கவில்லை. மூன்று விரல்களைக் கம்பிகளில் ஊன்றி வலக்கையால் வருடினார். அடுத்த இடத்துக்கு விரல்களை மாற்றியபோது ஒரு கம்பியின் நாதம் மட்டும் 'டொக்' என்று செத்தது. அத்தை நிறுத்தி, அந்த விரலை மட்டும் முறைத்துப் பார்த்து, நகர்த்தி வைத்து, மறுபடி முதலிலிருந்து வாசித்தார். இந்தத் தடவை எல்லாக் கம்பியும் பேசியது. முழுசாகத் தெரிந்த பாட்டில் ஒன்றை, அவசரப்படாமல், கடைசிவரை வாசித்து முடித்தார்.

"என்னடா முழிக்கறே? வயித்தைச் சொறியற மாதிரி இருக்கா?"

"இல்ல அத்தை." அவன் குரலில் கேலி பாதிதான் இருந்தது. "குழந்தைக்கு மருந்து ஊட்டற மாதிரி இருக்கு. அசைஞ்சா அடி விழும்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு."

"எப்ப கண்டுபிடிச்சே?"

"இரும்புக் கம்பி விரலை அறுக்கும்னு சொன்னீங்களே, அப்பவே."

"அப்புறம் எதுக்கு அந்த மாட்டுத் தலை?"

"எனக்குத்தான்னு நீங்கதானே சொன்னீங்க. நான் பெரியவங்க பேச்சைத் தட்டறதில்ல."

கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார். "பெட்டி வேணுமா, ஸ்டாண்டு வேணுமா அம்மா? பெட்டின்னா பூட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம். ஸ்டாண்டுன்னா கண் முன்னாடி நிக்கும். கண்ணுல பட்டாத்தான் கை எடுக்கும்பாங்க."

"கட்டிலுக்கு அடியில வைக்க அது என்ன திருட்டுச் சாமானா? ஸ்டாண்டு குடுங்க. கூடத்துல நிக்கட்டும்."

ஸ்டாண்டு தேர்ந்தெடுப்பதில் அத்தையை யாரும் ஏமாற்ற முடியாது. குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் ஸ்டாண்டுகளோடு ஒரு வாழ்நாள் பழகியவர். ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தள்ளிப் பார்த்தார். இரண்டு ஆடின; ஒன்று சாய்ந்தே போயிற்று. கால்கள் அகலமாக விரிந்து, மரம் தொடும் இடமெல்லாம் ரப்பர் போட்டிருந்த ஒன்று மட்டும் அசையவில்லை. அதை எடுத்துக்கொண்டார். இடக் காலைத் தூக்கி வைக்க ஒரு குட்டிப் பலகை, சுருதி பார்க்கும் கிளிப் ஒன்று, மாற்றுக் கம்பி ஒரு கட்டு. மண்டை ஓட்டுப் பட்டை வேண்டுமா என்று ஒட்டகம் நினைவூட்டினான். அத்தை பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

காரில் ஏறும்போது ஒட்டகத்தின் போன் அடித்தது. அவன் அப்பாதான்.

"எங்கடா இருக்கே?"

"அத்தையோட, கிட்டார் கடையில."

"கிட்டார் கடையிலயா? உனக்கெதுக்குடா கிட்டார்? ஸ்பேனர் பிடிக்கற கை."

ஒட்டகம் அத்தையைப் பார்த்தான். "எனக்குத்தான்னு சொல்லிடவா?" என்று வாயை மட்டும் அசைத்தான். அத்தை கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, நான்தான் பேசறேன். கிட்டார் எனக்கு. கல்யாணத்துல நான் சொன்னது தப்பு. அந்த மாப்பிள்ளைகிட்டயும் நானே சொல்லிக்கறேன். நீ சிரிச்சு முடிச்சிட்டுக் கூப்பிடு."

போனை வைத்துவிட்டார். தம்பி சிரிக்க ஆரம்பித்தால் லேசில் ஓயமாட்டார் என்பது அத்தைக்குத் தெரியும். அதற்குள் வீட்டுக்குப் போய்ச் சுருதி சேர்த்துவிடலாம்.