தொட்டித் தண்ணீர்

கத்தாரில் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் இருபத்தெட்டு வருடம் வெல்டிங் ஃபோர்மேனாக இருந்தவன் நான். எந்த மேனேஜரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கும்படி வேலை செய்ததுமில்லை. இப்போது என் மகள் சங்கீதா அதே ஆலையில் இன்ஜினியர். எங்கள் எரிவாயுவை வாங்கும் ஜப்பான் கம்பெனி சென்ற நவம்பரில் அவளை விருந்தாளியாக அழைத்தது. குடும்பத்தில் ஒருவர் உடன் வரலாம் என்றதால் நானும் போனேன்.

மூன்றாம் நாள் அந்தக் கம்பெனியின் டைரக்டர் மோரி எங்களை ஒரு பழைய ஷிண்டோ கோயிலுக்குக் கூட்டிச் சென்றார். அவருடைய குடும்பம் பல தலைமுறையாகக் கும்பிடும் கோயில். மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள் என்று சங்கீதா வண்டியிலேயே சொல்லிவைத்தாள். அந்தக் கம்பெனியில் அவளுக்கு நல்ல பெயர். அது கெடக் கூடாது என்ற கவலை. கோயிலில் எப்படி நடப்பதென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம் என்றேன்.

மர வாசலைத் தாண்டியதும் ஒரு கல்தொட்டி. நிறையத் தண்ணீர், மேலே மூங்கில் அகப்பைகள். மற்றவர்கள் வாசலில் நின்று வணங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஷூவையும் சாக்ஸையும் கழற்றினேன். ஓர் அகப்பை மொண்டு இரண்டு கால்களிலும் ஊற்றி, குதிகாலைத் தேய்த்துக் கழுவினேன்.

நிமிர்ந்தபோது எல்லோரும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கையும் வாயும் கழுவுகிற தண்ணீராம்.

சங்கீதா டைரக்டரின் முன்னால் போய் இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். எங்கள் வீட்டுப் பெண் யார் முன்னாலும் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. வெறுங்காலோடு போய் அவள் தோளைத் தொட்டேன்.

“நிமிரு தாயி. தப்புப் பண்ணது நானு.”

“விடுங்கப்பா, நான் பேசிக்கிறேன்.”

“என் தப்புக்கு எம்புள்ள குனியக் கூடாது.”

அவளை விலக்கிவிட்டு நானே குனிந்தேன். அரைகுறையாக அல்ல, முழுதாக. டைரக்டரும் பதிலுக்குக் குனிந்தார். பிறகு வேறோர் அகப்பையை எடுத்து, இடக்கை, வலக்கை, வாய் என்று நிதானமாகச் செய்து காட்டினார். ஒரே ஒரு தடவை பார்த்தேன்; பிசகாமல் செய்தேன்.

கும்பிட்டபின் தோட்டத்துக்குப் போனோம். குளக்கரையில் சாய்ந்த பைன் மரங்களுக்கு மூங்கிலால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். மண்ணே தெரியாமல் பச்சைப் பாசி. நடந்துகொண்டே டைரக்டர் ஏதோ சொல்ல, சங்கீதா சிரித்துவிட்டாள்.

“என்னவாம்?”

“அவங்கப்பா ஒருநாளும் தன் தப்ப ஒத்துக்கிட்டதில்லையாம்ப்பா.”

“உன் தாத்தனும் அப்படித்தான்னு சொல்லு.”

சொன்னாள்.