வலக்கையில் ரப்பர் வாத்து

எனக்கு வாயாடிகளைக் கண்டாலே ஆகாது. மயக்க மருந்துத் துறையை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் வேலையைத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிடுவார். ஆனால் இந்த ஒரு அறுவை சிகிச்சைக்கு மட்டும் நோயாளி பேசிக்கொண்டே இருந்தாக வேண்டும். எனக்கு வந்து வாய்த்தவரோ கால்பந்து வர்ணனையாளர். முப்பது வருடம் வானொலியில் மூச்சுவிடாமல் பேசியவர்.

அவருடைய கழுத்தின் இடப்பக்கம், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தது. போன வாரம் ஒரு ஆட்டத்தின் நடுவே பத்து நிமிடம் நாக்குக் குழறிவிட்டதாம். குழாயைக் கவ்வி போட்டு நிறுத்தி, கீறி, உள்ளே படிந்த கொழுப்பைச் சுரண்டி எடுத்துத் தைக்க வேண்டும். அந்த அரைமணி நேரம் மற்ற குழாய்கள்தான் சுற்றுவழியில் ரத்தம் கொடுத்துச் சமாளிக்க வேண்டும். சிலருக்கு அது போதும், சிலருக்குப் போதாது. போதாவிட்டால் இவருக்குப் பறிபோவது பேச்சு.

முதல் நாளே அவரைப் பார்க்கப் போனேன்.

"முழுசா தூங்க வச்சிடுங்க டாக்டரம்மா. கத்தின்னு சொன்னாலே எனக்குக் கைகால் உதறுது."

"தூங்க வைக்கிறதுல நல்லதும் இருக்கு. மருந்துல தூங்குற மூளைக்குப் பசி கம்மி. ரத்தம் குறைஞ்சாலும் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனா அது பட்டினி கிடக்கிறது நமக்குத் தெரியாது. மெஷின்ல பார்க்கலாம்னா, மருந்தாலயும் மூளையோட அலை மெதுவாகும், ரத்தம் இல்லாமலும் மெதுவாகும். எது எதுன்னு பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம். முழிச்சிருந்தா நீங்களே எங்களுக்கு மெஷின். கழுத்த மட்டும் மரத்துப்போக வைப்பேன். நீங்க பேசிக்கிட்டே இருங்க. பேச்சு நின்னா நாங்க சுதாரிச்சுக்குவோம்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரித்துவிட்டார். "இவருக்குப் பேச்சு நிக்கிறதா? தூக்கத்துலயே நிக்காது டாக்டரம்மா!"

மறுநாள் காலை அவர் வலக்கையில் ஒரு ரப்பர் வாத்தைக் கொடுத்தேன். அமுக்கினால் கீச்சென்று கத்தும் குழந்தைகளின் பொம்மை. இடப்பக்க மூளைதானே வலக்கையை ஆட்டுகிறது, அதற்கும் சேர்த்து ஒரு காவல். அவர் கொஞ்ச நேரம் வாத்தைப் பற்றிப் பேசினார். பிறகு பயத்தை மறக்கவோ என்னவோ, தன்னுடைய அறுவை சிகிச்சைக்கே வர்ணனை தொடங்கிவிட்டார். "இதோ டாக்டர் இடது ஓரமா முன்னேறுறார், சிஸ்டர் கத்தரிய அழகா கடத்திக் கொடுக்கிறாங்க, தடுக்க ஆளே இல்ல..." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கழுத்து குலுங்கியது.

சர்ஜனுக்கு நாங்கள் வைத்த பெயர் சிடுமூஞ்சி. "அம்மா தாயே, அவரக் கொஞ்சம் அடக்குங்க. கை வைக்க முடியல" என்றார்.

சிரிக்காமல் பேசச் சொல்லியிருந்தால் போதும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் காது புளித்துப் போயிருந்தது. தூக்க மருந்தில் கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக ஏற்றினேன். முந்தைய நாள் அவருக்கு அவ்வளவு பெரிய பாடம் எடுத்தவள் சாட்சாத் நான்தான். மருந்து அடங்கும்வரை பொறுக்கும்படி சர்ஜனிடம் சொல்லவும் இல்லை. அவர் கவ்வியைப் போட்டுவிட்டார்.

முதல் நிமிடம் வாத்து கத்தியது. இரண்டாவது நிமிடம் பேச்சு இழுத்தது. மூன்றாவது நிமிடம் ஒன்றுமே இல்லை.

"அமுக்குங்க" என்றேன். "சார், வாத்த அமுக்குங்க."

விரல்கள் அசையவில்லை. கண் பாதி மூடியிருந்தது.

"தூக்கமா, மூளையா?" என்றார் சர்ஜன்.

"தெரியல."

"தெரியலன்னா என்ன அர்த்தம்?"

"மருந்து கொடுத்தேன்ல. ரெண்டுல எதுவா வேணாலும் இருக்கலாம்."

முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் என்னைத் திட்டின. கவ்வி போட்ட இடத்தைத் தாண்டி ரத்தம் போக உள்ளே ஒரு சின்னக் குழாய் செருகலாம். செருகும்போது கொழுப்புத் துணுக்கு ஒன்று மேலே போய்விட்டால், அதுவே நோயாளியின் மூளையை அடைத்துவிடும். வெறும் தூக்கம் என்றால் அந்த ஆபத்தே வேண்டாம். தூக்கத்தை முறிக்கும் மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் அது வேலை செய்கிறதா என்று பார்க்க நேரம் வேண்டும்.

"ரெண்டு நிமிஷம் பார்க்கலாமா?" என்றார் சர்ஜன்.

அந்த இரண்டு நிமிடத்தில் நோயாளியின் பேச்சு போய்விட்டால் யார் திருப்பிக் கொடுப்பது?

"வேண்டாம். குழாயப் போடுங்க."

அவர் குழாயைச் செருகினார். அதே நேரத்தில் நான் மாற்று மருந்தை ஏற்றினேன். ஐந்தாவது நிமிடம் வாத்து கீச்சென்றது. "என்ன, எல்லாரும் கம்முனு ஆயிட்டீங்க?" என்றார் வர்ணனையாளர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் அவர் பேச்சில் ஒரு குறையும் இல்லை. நான் கொடுத்த மருந்தையும் நேரத்தையும் குறிப்பேட்டில் அப்படியே எழுதியிருந்தேன். "ஆளு நல்லாத்தான இருக்கார். இத வேற அவர்கிட்டப் போய்ச் சொல்லணுமா?" என்றார் சர்ஜன். நான் வார்டுக்குப் போய் கணவன் மனைவி இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "அப்போ நான் தூங்கினேனா, இல்ல மூளைக்கு ரத்தம் பத்தலையா?" என்றார்.

"தெரியாது. குழாயும் மாற்று மருந்தும் ஒண்ணாப் போச்சு. எது உங்கள எழுப்புச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. அப்படி ஆனது என்னாலதான். உங்க பேச்சு எனக்குத் தொந்தரவா இருந்துச்சு, அதான் மருந்து கொடுத்தேன். என்ன மன்னிச்சிருங்க."

அவர் மனைவி கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். வர்ணனையாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன், அப்போதும் சொல்லவில்லை. என்னையறியாமல் அவர் வலக்கையைப் பிடித்தேன்.

"அமுக்குங்க" என்றேன். "சார், கைய அமுக்குங்க!"

வலிக்கிற மாதிரி அமுக்கினார்.

"கோவம், டாக்டரம்மா" என்றார். "வெறும் கோவம்தான். பயப்படாதீங்க."