தாய்வீட்டார் வரும்வரை

மூன்று நாளாக டூஸேவைப் பாயில் உட்கார வைப்பதே அந்த வீட்டுப் பெண்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் பாயை விட்டு எழக் கூடாது. இவளோ பானை கழுவ எழுந்தாள், ஆட்டை அவிழ்க்க எழுந்தாள், காரணமே இல்லாமலும் எழுந்தாள். கண்ணில் மட்டும் ஒரு சொட்டு நீர் இல்லை.

"கால்ல சக்கரமா கட்டியிருக்கு உனக்கு?" என்று நாத்தனார் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

சக்கரம் காலில் இல்லை, நெஞ்சில் சுற்றியது. செத்த அன்று காலை புருஷன் அயாங்கே நெஞ்சு வலிக்கிறது என்றான். "கிழங்குக்கு மேடு கட்டற நாள் வந்தா மட்டும் உங்களுக்கு நெஞ்சு வலிக்குது" என்றாள் இவள். அவன் சிரித்துக்கொண்டே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். பத்து மணிக்கு அவனை மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார்கள். தலை தொங்கிக் கிடந்தது.

இதை அவள் சொன்னது ஒருவரிடம்தான். தார்கேமா, வேறு தாய் வயிற்றில் பிறந்த அவனுடைய அண்ணன். அவர் பதறிவிட்டார்.

"அவனோட தாய்வீட்டுக்காரங்க வந்து கேப்பாங்க. காய்ச்சல்னு சொல்லிடு. அவங்க மனசு ஒப்பாம ஒரு பிடி மண்ணு போட முடியாது. இது வெளிய வந்தா, நீதான் கொன்னேன்னு நிப்பாங்க."

பிணம் ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடந்தது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அவள் எழுந்து நின்றாள்.

நான்காம் நாள் மதியம் வந்தார்கள், பதினோரு பேர். யாரும் உட்காரவில்லை. நீட்டிய தண்ணீரைத் தொடவில்லை. தாய்மாமன் இயோர்ச்சா முற்றத்தின் நடுவில் நின்று கேட்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணு பெத்த புள்ள. எப்படிச் செத்தான்?"

"காய்ச்சலுங்க" என்றார் தார்கேமா.

"உன்னைக் கேக்கல. கூடப் படுத்து எந்திரிச்சவ சொல்லட்டும்."

டூஸே அதற்குள் எழுந்திருந்தாள். நாத்தனார் முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"நெஞ்சு வலிக்குதுன்னாரு மாமா. நான் நம்பல. வேலைக்கு டிமிக்கி குடுக்கறாருன்னு கேலி பண்ணேன். சிரிச்சிட்டுப் போனாரு."

தார்கேமா தலையில் கை வைத்துக்கொண்டார். வந்தவர்களில் ஒருவன் கோபமாக முன்னால் வந்தான். கிழவர் இயோர்ச்சா கையைக் குறுக்கே நீட்டி அவனை நிறுத்தினார். அவர் குரலில் அதட்டல் போய்விட்டிருந்தது.

"ஒம்பது வயசுல அப்பன்கிட்ட அடி வாங்கி எங்க வீட்டுக்கு ஓடியாந்தான். அப்பவே மேடு கட்டக் கூப்பிட்டா நெஞ்சப் புடிச்சிக்குவான். எல்லாரும் சிரிப்போம், அவனும் சிரிப்பான். போன மாசமும் வந்தான். மாமா, நெஞ்சு வலிக்குதுன்னான்."

அவர் டூஸேவின் பக்கம் வந்தார்.

"நான் மண்வெட்டியத்தான் எடுத்துக் குடுத்தேன் தாயி."

இயோர்ச்சா திரும்பி, காத்திருந்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினார்.

"குழிய வெட்டச் சொல்லுங்க" என்றார்.

யாரும் பிடித்து இழுக்காமல் டூஸே பாயில் உட்கார்ந்தாள். ஒரு மடக்குக் குடித்தாள். அப்புறம்தான் அழுதாள்.