ஐந்தங்குலத் திரைக்குப் பதினாறு பார்ட்டி

காலை பத்து மணிக்கு எழுபத்தைந்து யுவான் என்று சொன்ன அதே கண்ணாடித் துண்டுக்கு மத்தியானம் ஒன்றரை மணிக்கு இருநூற்றுப் பத்து கேட்டார்கள். வெங் சூச்சினுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த மாதிரித் திரையை அங்கேயே அறைந்து உடைத்திருப்பாள். அவளிடம் இருந்தது அது ஒன்றுதான் என்பதால் கை நின்றது.

ஐந்தங்குலத் திரை. சட்டைப் பையில் போட்டால் வெளியே தெரியாது. சூச்சின் ஷான்டோவில் பூத்தையல் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறவள். சாவ்ஜோவில் ஒரு மில்லுக்கு முந்நூறு பெட்டி தயார். முன்பக்கம் திரை உட்கார வேண்டிய இடத்தில் மட்டும் முந்நூறு ஓட்டை. சனிக்கிழமைக்குள் வராவிட்டால் எதிர்த்தெருக்காரனிடம் வாங்கிக்கொள்வேன் என்று மில் முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். அன்று வியாழன். அந்த மில் கைவிட்டுப் போனால் பட்டறையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். வேறு திரை போடலாமே என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்லிச் சலித்துவிட்டாள். ஓட்டையின் அளவு, திரையிலிருந்து வரும் நாடா, உள்ளே ஓடும் புரோகிராம் எல்லாம் இதற்கென்றே செய்தவை. மாற்ற மூன்று மாதம் ஆகும்.

போன வருடம் இது ஐம்பத்தெட்டு யுவான். அந்த விலைக்குக் கிடைத்தால் பெட்டிக்கு நாற்பது லாபம் நிற்கும்.

அதனால்தான் அதிகாலை ரயிலேறி ஷென்ஷென் வந்து, ஹுவாச்சியாங்பெய் எலக்ட்ரானிக்ஸ் சந்தைக் கட்டடத்தின் ஷட்டர் தூக்கும்போதே உள்ளே நுழைந்தாள். முதலில் போனது மூன்றாவது மாடியில் சுவாங் லியேகாயின் கவுண்ட்டருக்கு. ஊர்க்காரன், பத்து வருடப் பழக்கம். தேநீர் ஊற்றிக்கொண்டே, நம்ம ஊர் என்பதால் எழுபத்தைந்து என்றான். ஊர்ப்பாசத்துக்குப் பதினேழு யுவான் கூடுதலா என்று அவளுக்குச் சுருக்கென்றது. அதோடு, முதல் கடையில் முதல் விலைக்கு வாங்கியதாக அவள் குடும்பத்தில் யார் பேரும் கெட்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று நடையைக் கட்டினாள்.

அதன்பிறகு அவள் செய்தது சின்ன வயதில் அப்பாவின் பொத்தான் கடையிலேயே படித்த வேலை. நிறைய வாங்குகிறவளுக்கு விலை இறங்கும்; ஆகவே நிறைய வாங்குகிறவளாக ஆகிவிடுவது. இரண்டாவது கவுண்ட்டரில் நிங்போவிலிருந்து வருகிறேன், ஆயிரத்து இருநூறு வேண்டும் என்றாள். அடுத்ததில் வியட்நாமுக்கு ஏற்றுமதி, இரண்டாயிரம். அதற்கடுத்ததில் ஷியாமென், எண்ணூறு. ஒவ்வொருவனும், கொஞ்சம் பொறுங்கள், விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை எடுத்தான். விலை தொண்ணூறு ஆனது, நூற்றிருபது ஆனது, பதினோராவது கவுண்ட்டரில் நூற்று அறுபத்தைந்து. ஏற ஏற அவள் எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னாள்.

பதினேழாவது கவுண்ட்டர் லியான் மேய்ஜூ என்ற இளம்பெண்ணுடையது. இரண்டாவது மாடி மூலையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். இங்கே பொய் சொல்லவும் சூச்சினுக்குத் தெம்பில்லை. முந்நூறு என்று உள்ளதைச் சொன்னாள். மேய்ஜூ போனில் கேட்டுவிட்டு இருநூற்றுப் பத்து என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் முப்பத்திரண்டு அங்குல டிவித் திரைகள் அடுக்கியிருந்தன. அது என்ன விலை என்று கேட்டாள் சூச்சின். நூற்றுத் தொண்ணூறு.

"சாப்பாட்டு மேசை அகலக் கண்ணாடி நூத்தித் தொண்ணூறு, உள்ளங்கை அகலக் கண்ணாடி இருநூத்திப் பத்தா? யாரை ஏமாத்தறீங்க?"

"அளவு பாத்து விலைன்னா தர்பூசணிக் கடைக்குப் போங்கம்மா," என்றாள் மேய்ஜூ, சோற்றை மென்றுகொண்டே. "டிவித் திரையப் பத்து ஃபேக்டரிக்காரன் போட்டி போட்டுக் கோடிக்கணக்குல அடிச்சுத் தள்றான். ஒருத்தன் ஏத்தினா அடுத்தவன்கிட்ட போயிடுவாங்க. உங்களத செஞ்சது ஒரே ஒருத்தன். அவனும் ரெண்டு வருஷம் முந்தி நிறுத்திட்டான். மறுபடி ஓட்டச் சொன்னா அம்பதாயிரம் பீஸ் எடுப்பியான்னு கேப்பான். எடுப்பீங்களா?"

சூச்சின் மாதிரித் திரையைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

"சின்னதுன்னாலும் சிப், பின்னால விளக்கு, பரிசோதனை எல்லாம் அதுக்கும் வேணும். சரி, அதெல்லாம் சேத்தே அம்பதுக்குள்ள அடங்கிடும். உங்களுக்கு வேற வழியில்ல பாருங்க, மிச்சம் அதுக்கு." டப்பாவை நகர்த்தி, ஒரு வாய் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள்.

சூச்சின் மறுப்பதற்குள் மேய்ஜூவின் போனில் கடைக்காரர்கள் குழுவிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. கை எண்ணெயாக இருந்ததால் அதை ஒலிபெருக்கியில் போட்டாள். ஆண் குரல். "அஞ்சங்குலத் திரை யார்கிட்டயாவது இருந்தா விட்றாதீங்க. நிங்போ பார்ட்டிக்கு ஆயிரத்து இருநூறு, வியட்நாமுக்கு ரெண்டாயிரம், ஷியாமென்ல ஒரு அம்மாவுக்கு எண்ணூறு. இன்னிக்கு மட்டும் முப்பதாயிரம் கேட்டு ஆள் சுத்துது. ஸ்டாக் மூணாவது மாடி லியேகாய்கிட்ட மட்டும்தான்."

சூச்சினுக்குக் காது சுட்டது. நிங்போ அவள். வியட்நாம் அவள். ஷியாமென் அம்மாவும் அவள். காலையிலிருந்து பதினாறு பேராக நின்று தனக்குத்தானே ஏலம் கேட்டிருக்கிறாள். விசாரித்த பதினாறு பேரும் கடைசியில் போய் விசாரித்தது, முதல் கவுண்ட்டரில் தேநீர் ஊற்றிய அந்த ஊர்க்காரனிடம்.

மூன்றாவது மாடிக்குப் படியிலேயே ஏறினாள். லியேகாய் முகமெல்லாம் பல்லாக இருந்தான். இப்போது இருநூற்று முப்பது, காலையிலேயே எடுத்திருக்கலாமே என்றான்.

"எனக்கு வேண்டியது முந்நூறு. மிச்சப் பார்ட்டி யாரும் கிடையாது. எல்லாம் நான்தான்."

விலை இறக்க நல்ல கதை என்று சிரித்தான். அவள் எந்த மாடி, எந்த கவுண்ட்டர், எந்த ஊர், எத்தனை பீஸ் என்று வரிசையாக ஒப்பித்தாள். அவன் போனில் ஒவ்வொரு செய்தியாகத் தள்ளிப் பார்த்தான். ஐந்தாவது பார்ட்டி வரும்போது சிரிப்பு காணாமல் போனது. எட்டாவதில் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"ஒரு மணி நேரம் முந்தி டோங்குவான் கிடங்குலேருந்து இன்னும் நானூறு எடுத்தேன்," என்றான் மெதுவாக. "பீஸ் நூத்தம்பது வச்சு. உன் பொய்க்கு என் காசு போயிருக்கு."

"ஊர்க்காரிக்குப் பதினேழு ஏத்திச் சொன்னியே, அது என்ன?"

"அது வியாபாரம்."

"இதுவும் அதான்."

அவன் மேசையை ஓங்கிக் குத்தியதில் தேநீர்க் கிண்ணங்கள் துள்ளின. பத்து வருடத்தில் ஒருநாளும் பேசாத பேச்சையெல்லாம் இருவரும் பேசினார்கள். அதில் அவன் அப்பா வந்தார், அவள் பொத்தான் கடையும் வந்தது. பக்கத்துக் கவுண்ட்டர்காரர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியபோதுதான் சூச்சினுக்கு ஒன்று உறைத்தது. அவன் கண் அந்தத் தலைகள் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் இந்த நடைபாதையில நின்னு, பதினாறு பார்ட்டியும் நானேன்னு சத்தமாச் சொன்னா உன் நானூறு என்ன விலைக்குப் போகும்?"

லியேகாய் கவிழ்த்த போனை எடுத்துப் பைக்குள் போட்டான். இருக்கிற பழைய முந்நூற்றை ஐம்பத்தெட்டுக்குத் தருகிறேன், வாயை மூடிக்கொண்டு ரயிலேறிவிடு, இனி இந்தப் பக்கம் வராதே என்றான். அவன் நானூற்றை யார் தலையில் கட்டப்போகிறான் என்று அவள் கேட்கவில்லை. பணத்தைப் போனில் அனுப்பினாள், ஒவ்வொரு தட்டாகப் பிரித்து எண்ணினாள், இரண்டு அட்டைப்பெட்டியைத் தள்ளுவண்டியில் கட்டினாள். மில் கைவிட்டுப் போகவில்லை. பெட்டிக்கு நாற்பதும் நின்றது. கோபம் மட்டும் குறையவில்லை.

லிஃப்ட் கதவு திறந்ததும் உள்ளிருந்து மேய்ஜூ வேகமாக வெளியே வந்தாள். மூச்சு வாங்கியது.

"கிடைச்சுதாம்மா? நல்லது. லியேகாய் அண்ணன் எனக்கு நானூறு தர்றேன்னுட்டாரு, பீஸ் இருநூறு வச்சு. நிங்போ பார்ட்டிக்குக் கொடுத்துடுவேன். மாமியார்கிட்டகூடக் கடன் கேட்டுட்டேன்."

சூச்சின் வண்டியை லிஃப்டுக்குள் தள்ளினாள். பாதி உள்ளே போனதும் நின்றாள்.

"வாங்காதே. நிங்போ பார்ட்டின்னு ஒருத்தரும் இல்ல. அது நான். வியட்நாமும் நான்தான். எல்லாம் பொய்."

மேய்ஜூ அவளையும் இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், சோறு கொடுக்க வந்தபோது இருந்த சிரிப்பு இல்லை.

"முந்நூறு போதும்னீங்க, இப்ப இந்த நானூறும் வேணுமாக்கும். அதுக்கு இப்படி ஒரு கதையா? நானும் இங்கயே பொறந்து வளந்தவதாம்மா."

"உன் மாமியார் காசுடி, சொன்னாக் கேளு."

மேய்ஜூ அதற்குள் நடைபாதையில் பாதி தூரம் போய்விட்டிருந்தாள். சூச்சின் அவள் பெயரைச் சொல்லி இரண்டு முறை கத்தினாள். லிஃப்ட் கதவு வண்டியில் இடித்து இடித்துத் திறந்தது. ஏறுகிறீர்களா இல்லையா என்று உள்ளே இருந்தவர்கள் எரிந்து விழுந்தார்கள்.

ஏறினாள்.