அமுக்காமல் விட்ட வெளிச்சங்கள்

...வந்ததா, வரவில்லையா, ஓரத்தில் ஒரு புள்ளி வந்த மாதிரிதான் இருந்தது, கொசு பறந்த மாதிரி, அதற்குள் போய்விட்டது, இனிமேல் அமுக்கினால் அது பொய்யாகிவிடுமோ... நேராவே பாருங்கம்மா, தேடாதீங்க, வந்தா அமுக்குங்க, வரலைன்னா சும்மா இருங்க என்கிறாள், இருட்டறையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பரிசோதனைப் பெண். தேடாமல் எப்படி இருப்பது, முப்பது வருஷத் தையல் கடையில் எனக்குத் தேடுவதுதானே பிழைப்பு, கீழே விழுந்த ஊசி, விட்டுப்போன தையல், துணியோடு துணியாகக் கலந்துபோன பொத்தான்... தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி, வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் மெஷினின் வெள்ளைக் குழிவுக்குள் நடுவில் எரியும் மஞ்சள் விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது பொட்டு வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் விசையை அமுக்க வேண்டும். அவ்வளவுதான், குழந்தை விளையாட்டு மாதிரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாதாரணக் கண்ணாடிக்காக வந்தவளைப் பிடித்து உட்கார வைத்து, கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்குதும்மா, கிளாக்கோமா, வலிக்காது, போன பார்வை திரும்பாது, இருக்கறதச் சொட்டு மருந்து காப்பாத்தும் என்றார் டாக்டர். வலிக்காதாம். வலித்திருந்தால் முன்பே ஓடி வந்திருப்பேனே, பல் வலிக்கு அப்படித்தானே ஓடினேன்... அப்புறம் எழுந்து கதவு வரைக்கும் போனவளைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார், கூடப்பிறந்தவங்க இருந்தா ஒரு தடவை வந்து பாத்துக்கச் சொல்லுங்க, இது குடும்பத்துல வரும், ஆரம்பத்துலயே பிடிச்சுட்டா பயமே இல்ல. சொல்றேன் டாக்டர் என்றேன். சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது? எனக்கு இருப்பது ஒரே தம்பி, அவன் ஓட்டுவது பள்ளிக்கூட வேன், இருபத்திரண்டு பிள்ளைகள், அவனுக்குத் தெரிந்தது அந்த ஸ்டீயரிங் ஒன்றுதான். போய்ப் பார் என்று நான் சொல்லி, அவன் பார்த்து, இருக்கிறது என்று அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டால்? என் வாயால் அவன் வேலைக்கு உலை வைப்பேனா? சொல்லாமல் இருப்பதுதான் பாசம் என்று நினைத்தேன், தினமும் காலையில் மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருக்கிற அந்த ஐந்து நிமிஷமும், கடவுளே, அவனுக்கு ஒன்றும் வரக்கூடாது என்று அவனுக்காகத்தான் வேண்டிக்கொள்கிறேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஒருவேளை, கேட்டுக்கொண்டு, டாக்டர் வாயால் உனக்குச் சொல்லி அனுப்பியாயிற்றே, இன்னும் என்ன என்று பார்த்துக்கொண்டும் இருப்பார்...

போன மாதம் வேனின் இடது பக்கக் கண்ணாடியை இரண்டாவது தடவையாக உடைத்துக்கொண்டு கடைக்கு வந்தான். அந்தத் தூணுக்கு என்மேல என்னமோ கோபம்க்கா, நான் போற வழியிலதான் வந்து நிக்குது என்று சிரித்தான். இவனுக்கும் வந்துவிட்டதோ? உடனே ஊசியையும் கருப்பு நூலையும் எடுத்து நீட்டினேன். கோத்துக் குடுடா. ஏன், அதுக்குள்ள கிழவி ஆயிட்டியா என்றவன், வெளிச்சத்தில் ஒரு தரம் தூக்கிப் பிடித்தான், ஒரே முயற்சியில் கோர்த்துவிட்டான். இந்தா, பாட்டி. அப்பாடா என்று இருந்தது, அன்று வீட்டுக்குப் போய் நன்றி கூடச் சொன்னேன். தையல்காரிக்குக் கண் என்றால் ஊசிதானே, வேறு எந்தச் சோதனை எனக்குத் தெரியும்... மஞ்சள் விளக்கு அப்படியே எரிகிறது, கூர்மையாக, விளிம்பு கூடத் தெரிகிறது, ஆனால் வெகுநேரமாக வேறு ஒன்றுமே மின்னவில்லை, மெஷினில் ஏதாவது கோளாறா?

"வெளிச்சம் நின்னு போச்சாம்மா?"

"இல்லம்மா," என்கிறாள், குரலை ரொம்பத் தணித்து, "வந்துக்கிட்டேதான் இருக்கு."

வந்துகொண்டேதான் இருக்கிறதா! நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அவை பாட்டுக்கு மின்னி மின்னி அணைகின்றன, இருட்டு என்று கூட எனக்குத் தோன்றவில்லையே, ஒன்றுமே இல்லாத மாதிரிதானே இருந்தது... இதே கண்ணால், வலது கண்ணில் தூசி விழுந்து மூடிக்கொண்டிருந்தபோது, நேற்றுகூட ஊசி கோர்த்தேன். ஒரே முயற்சியில். நடுவில் இருக்கிற ஒரு பொட்டுப் பார்வை போதும் அதற்கு, போயிருப்பது ஓரமெல்லாம். அப்படியானால் அன்றைக்கு நான் அவனிடம் சோதித்துப் பார்த்தது எதை? எதற்காக நன்றி சொன்னேன்? அவள் மெஷினை நிறுத்திவிட்டாள், என்ன ஏது என்று கேட்கவில்லை, ஒரு மெல்லிய தாளை என் கையில் வைத்து, அவசரமில்லம்மா, கண்ணைத் தொடச்சிக்குங்க, வலது கண்ண அப்புறமாப் பாத்துக்கலாம் என்று தோளில் ஒரு நிமிஷம் கை வைத்தாள். என் பெயர்கூட அவளுக்குத் தாளைப் பார்த்தால்தான் தெரியும். முன்பின் தெரியாத ஒரு பெண் எனக்குச் செய்கிற இந்த அளவுகூட நான் கூடப்பிறந்தவனுக்குச் செய்யவில்லையே...

கதவு லேசாகத் திறந்திருக்கிறது, நடையில் காத்திருக்கும் தம்பியின் குரல். எனக்குக் கண்ணாடி மாற்றத்தான் கூட்டிவந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். பெரியவரே, நீங்க உக்காருங்க, நான் உக்காந்தேதான் பொழைக்கறேன், கொஞ்சம் நிக்கறேன் என்று யாருக்கோ இடம் கொடுக்கிறான். மத்தியானம் மூணு மணிக்குப் பிள்ளைங்களக் கூட்டியாரணும், அதுக்குள்ள எங்கக்கா வந்துருவா.

"வருஷா வருஷம் கேக்கறதுதான்மா, வீட்ல வேற யாருக்காவது இது இருக்கா?" தாளின் மேல் அவள் பேனா, இல்லை என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது, போன வருஷத்துத் தாளைப் பார்த்திருப்பாள். இல்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறேன். எதை வைத்துச் சொன்னேன்? அப்பா கடைசிக் காலத்தில் பக்கத்தில் இருக்கிற தம்ளரைத் தட்டிவிடுவார், கவனம் இல்லை என்று அவரைத் திட்டினோம், யாரும் கூட்டிப்போய்க் காட்டவில்லை. இவனையும் காட்டவில்லை.

"தெரியாதும்மா," என்கிறேன். "யாரும் பாத்ததில்ல."

அவள் நிமிர்கிறாள். "உங்ககூட வந்திருக்கறவர் யாரு?"

வெளியே அவன் எதற்கோ சத்தமாகச் சிரிக்கிறான், யாரையும் சிரிக்க வைத்துவிடுவான் அவன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான், நாக்கு நுனியில் நிற்கிறது, சொன்னால் இவள் அவனை உள்ளே கூப்பிடுவாள், சொல்லாவிட்டால் மூன்று மணிக்கு இருபத்திரண்டு பிள்ளைகள் அவன் வண்டியில் ஏறும்...