எதிரெதிர் வளையங்கள்

மாவ்பி அருங்காட்சியகத்தில் என் வேலை, அந்தக் காலத்துப் பர்மிய ரயில்வே தொழிலாளியின் மனைவியாக உட்கார்ந்திருப்பது. க்யிம்யிண்டைங்கிலிருந்து பலகை பலகையாகக் கழற்றிக் கொண்டுவந்து நிறுத்திய, தொழிலாளர் வரிசை வீடான லயனின் ஓர் அறை. பார்க்க வருகிறவர்கள் முன்னால் அரிசி புடைப்பேன்.

என்னை விடாமல் குடைந்தவை இரண்டு இரும்பு வளையங்கள். எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்று வாசல் நிலைக்கு மேல், மற்றது அதற்கு நேரெதிரே, என் தலைக்குச் சற்று மேலே. தொட்டில் கட்ட என்றது அறிவிப்புப் பலகை. தொட்டிலை உத்தரத்தில் அல்லவா கட்டுவார்கள்?

"மா ரேவதி, பதினொரு மணிக்குத் தச்சர் வர்றாரு. வளையத்தப் பிடுங்கிடலாம்," என்றாள், பர்மிய வழக்கப்படி என்னை 'மா' சேர்த்துக் கூப்பிடும் மேற்பார்வையாளர் நிலோஃபர். "நேத்து ஒரு வெள்ளக்காரரு நெத்தியில இடிச்சுக்கிட்டாரு."

"என்னன்னு தெரியாமப் பிடுங்கிட்டா அப்புறம் யாரக் கேக்குறது?"

"ஆடு கட்டிருப்பாங்க."

"இந்த ஒசரத்துலயா? பறக்குற ஆடா?"

சிரித்துவிட்டாள். "சரி, பதினொண்ணு வரைக்கும் பாருங்க."

வாசலில் தொடங்கினேன். இடது நிலைக்காலில் மஞ்சள் ஏறி ஊறியிருந்தது. வலதில் துளிகூட இல்லை. பாதி வாசலுக்கு மட்டும் யார் மஞ்சள் பூசுவார்கள்? வலப்பக்கம், கூரையை ஒட்டி ஒரு சிறு பலகை. விளக்குப் பலகை என்றால் புகைக்கறை இருக்கும். இல்லை.

நிலோஃபரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அண்ணாந்து பார்த்தாள்.

"எங்க வீட்லயும் இருக்கு. குர்ஆன் வைக்கிற பலகை. தலைக்கு மேலதான் வைப்போம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைக்க ஏன் இத்தனை மாதம்? லத்தாவில், என் வீட்டில், நானும் கணவரும் படுக்கும் அறையில்தான் கொழுந்தன் குடும்பமும் படுக்கிறது. நடுவில் ஒரு துணி. அதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே ஞாபகம் வராதபடி வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் போல.

காட்சிக்கு வைத்திருந்த கிணற்றுக் கயிற்றை வளையத்துக்கு வளையம் இழுத்துக் கட்டி, இரண்டு கைலிகளைத் தொங்கவிட்டேன். அறை, இரண்டு குடும்பங்களுக்கு இரண்டானது. மஞ்சள் என் பக்கம், பலகை நிலோஃபரின் பக்கம்.

வாசலில் தச்சர் கடப்பாரையோடு நின்றார்.

"அவரப் போகச் சொல்லுங்க," என்றது துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிலோஃபரின் குரல். காதில் விழுந்தும் விழாததுமாக.

"ஏன் இவ்வளவு மெதுவாப் பேசுறீங்க?" என்று கேட்டேன். என் குரலும் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

தச்சர் எங்கள் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, சத்தம் வராமல் கடப்பாரையைக் கீழே வைத்தார்.